விரலை இழுக்கும் நேரம்

எங்கள் காரின் தரை துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டது. போன மாதம் மேம்பாலத்தில் போகும்போது என் மனைவி கோமளாவின் இடது செருப்பு அந்த ஓட்டை வழியாக நழுவி விழுந்தது. இந்நேரம் ஏதாவது லாரிச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு நாக்பூரைத் தாண்டியிருக்கும். "இனி இந்த வண்டிக்குள்ள நான் காலை வைக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை காயலான் கடைக்காரரை வரச் சொல்லிட்டேன்," என்றாள்.

வண்டியை விட மனசில்லாமல் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஓட்டையில் தகரம் வைத்துப் பற்றவைத்த வெல்டர் நூருல்லா பாய், துருத்தடுப்புப் பூச்சு டப்பாவையும் கொடுத்தார். "இதைப் பூசிட்டு விரலை வச்சுப் பாத்துக்கிட்டே இருங்க சார். பூச்சு விரலைப் பிடிச்சு இழுக்கணும், ஆனா கையில ஒட்டக் கூடாது. அந்த நேரத்துலதான் மேல பெயிண்ட் அடிக்கணும். விட்டுட்டா கண்ணாடி மாதிரி இறுகிடும், பெயிண்ட் நிக்காது."

சனிக்கிழமை காலையிலிருந்து இருபதாயிரம் முறையாவது தொட்டிருப்பேன். பத்து விரலுக்கும் உணர்ச்சி போய், இழுக்கிறதா ஒட்டுகிறதா என்றே தெரியவில்லை.

"தள்ளுங்க, ரேஷன் கடையில கைநாட்டு வைக்கிற மாதிரி வச்சுக்கிட்டு," என்று கோமளா ஒரு விரலை வைத்தாள். தலையைச் சாய்த்து யோசித்தாள். பிறகு புடவையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு வெறுங்காலை உள்ளே ஊன்றினாள்.

"இழுக்குதுங்க. ஆனா ஒட்டல."

பெயிண்ட் சொட்டும் பிரஷோடு நின்றேன். "அப்போ இதுதான் நேரம். காலை எடு."

"இருங்க," என்றவள், இன்னொரு காலையும் உள்ளே வைத்து, தரை தாங்குகிறதா என்று மெல்ல எம்பிப் பார்த்தாள்.