வாசல் கல்லின் வயது

வக்கார் அகமது தம் அறுபத்து மூன்றாம் வயதில், முதல் முறையாக ஒரு குற்றம் செய்யத் தீர்மானித்தார். எல்லாம் வீட்டுக்காகத்தான்.

ஆம்பூர் பஜாரை ஒட்டிய கல் வீடு அது. இரண்டடி கனத்தில் கருங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, தேக்கு உத்தரம். மே மாதத்தில்கூட உள்ளே ஃபேன் தேவைப்படாது. மேம்பாலம் வரப்போகிறது, மூன்று மாதத்தில் காலி செய்யுங்கள் என்று அந்தச் சுவரில்தான் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பழமையான கட்டடம் என்று தொல்லியல் அதிகாரி எழுதிக் கொடுத்தால் பாலத்தை வேறு பக்கமாகத் தள்ளிக் கட்ட வைக்கலாம் என்றார் வக்கீல். ஆனால் வீட்டின் வயது யாருக்கும் தெரியாது. பாட்டனார் யாரிடமிருந்தோ வாங்கியது. பத்திரம் 1951-க்கு முன்னால் போகவில்லை.

ஆதாரம் இல்லாவிட்டால் என்ன, செய்துகொள்ள வேண்டியதுதான். கல்லில் எழுத்து வெட்டும் அருணகிரியைக் கணியம்பாடியிலிருந்து வரவழைத்தார். வாசலுக்கு மேலே, சுண்ணாம்பு அப்பியிருந்த நீளக் கல்லில் '1869' என்று வெட்ட வேண்டும். பக்கத்தில் பாட்டனார் பெயரை 'கான் பகதூர்' பட்டத்தோடு போட்டுக்கொள்ளவும் ஆசைதான். பாட்டனார் சைக்கிளில் போய் ஆட்டுத்தோல் வாங்கி விற்றவர் என்பதை மனைவி உமைமா நினைவூட்டியதும் அதைக் கைவிட்டார்.

"வெட்றதுதான் வெட்றோம், 1700-னு போட்டுக்கலாமே பாய்," என்றார் அருணகிரி.

"ஜாஸ்தி ஆசைப்பட்டா மாட்டிக்குவோம்பா. நூத்தம்பது வருஷம் போதும்."

வேலை நடந்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்தும் வக்கார் வெகுநேரம் பள்ளிவாசலிலேயே உட்கார்ந்திருந்தார். செய்கிற தப்பைக் கண்ணால் பார்க்கத் தைரியமில்லை.

திரும்பி வந்து பார்த்தால் புது எழுத்து வெள்ளையாகப் பல்லை இளித்தது. அங்கேதான் முப்பது வருடம் தோல் பதனிட்ட அனுபவம் கைகொடுத்தது. ஆவாரம்பட்டை, கடுக்காய், துருப்பிடித்த ஆணி எல்லாம் ஊறிய கறுப்புச் சாற்றைத் தினமும் பூசினார். ஒரே வாரத்தில் கல்லுக்கு நூற்றைம்பது வயது ஏறிவிட்டது.

அதிகாரி ஷர்மிளா வந்தார். பாக்கிக் கூலி வாங்க வந்திருந்த அருணகிரி ஏணியைப் பிடித்துக்கொள்ள, மேலே ஏறி லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஈரப் பஞ்சால் துடைத்துப் பார்த்தார். கீழே வக்காருக்கு ஜெயில், செய்தித்தாள், மருமகன் முகம் என்று என்னென்னவோ கண்ணில் வந்து போயின.

"சந்தேகமே இல்ல சார்," என்று இறங்கினார் ஷர்மிளா. "பழைய எழுத்துதான்."

வக்காருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உமைமா டீ எடுத்துவர ஓடினாள். ஆனால் ஷர்மிளாவின் முகத்தில் ஏனோ சந்தோஷம் இல்லை.

"இந்த பஜார்ல ஒரு கல் வீடு, வாசல் கல்லுல நாலு வரி எழுத்துன்னு நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் குறிச்சு வெச்சிருக்கார் சார். 1788-ல கட்டினது, கட்டின கொத்தனார் பேரோட. அந்தக் கல் கிடைச்சா பாலத்தையே திருப்பிடலாம். உங்க வீடாத்தான் இருக்கும்னு ஆசையா வந்தேன். இது 1869. இந்த வயசுல இங்க இருபது வீடு இருக்கு, இதுக்காகப் பாலத்தை நிறுத்த மாட்டாங்க."

டீயைக் குடித்துவிட்டு, வருத்தம் தெரிவித்துவிட்டு அவர் ஜீப்பில் ஏறிப் போனார்.

வக்கார் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த நாலு வரி எந்தப் புண்ணியவான் வீட்டில் இருக்கிறதோ என்று வயிறு எரிந்தது. ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு அருணகிரி தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க பாய். அன்னிக்கு சுண்ணாம்பைச் சொரண்டினப்போ இந்தக் கல்லுல ஏதோ நாலு வரி இருந்துச்சு, நம்ம எழுத்துக்கு இடைஞ்சலா இருக்குதேன்னு நான்தான் சுத்தமா இழைச்சு எடுத்துட்டேன்."