முப்பத்தொன்றாம் எண்

வெள்ளிக்கிழமை மாலை. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகர மூளை ஆய்வகத்தின் கீழ்த்தளத்தில் வழக்கமான பீர் விருந்து தொடங்கிவிட்டது. ஆய்வாளர் போடில் மட்டும் மாடியில், இரண்டு மூளை ஸ்கேன் படங்கள் அருகருகே தெரிந்த கணினித் திரையை விட்டு நகரவில்லை.

“ட்ரோல்ஸ், இங்க வந்து பாரேன்” என்று ஸ்கேன் எடுக்கும் சக ஊழியனைக் கூப்பிட்டாள். “இது பெருங்குடிகாரனோட மூளை. ஆசையைக் கிளப்புற பகுதிக்கும், வேண்டாம்னு அதட்டுற பகுதிக்கும் பேச்சுவார்த்தையே இல்ல. பக்கத்துல இருக்கறவன் குடியே தொடாதவன். இணைப்பு எவ்வளவு நெருக்கமா இருக்கு பாரு!”

“ரெண்டுலயும் எண்ணைப் பாரு.”

இரண்டிலும் முப்பத்தொன்று. ஆய்வுக்கு வருபவர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. ஆளுக்கு ஓர் எண்தான். படங்களின் தேதிகளுக்கு நடுவே ஐந்து வருடம்; குடிகாரனுடையதுதான் பழையது.

“ஒரே ஆளா!” போடில் எழுந்தே விட்டாள். “அறுந்ததையெல்லாம் திரும்பக் கட்டியிருக்கானே! இவன் கையைப் பிடிச்சுக் குலுக்கணும்பா. வா, இவன் பேரைச் சொல்லி ஒரு பீர் குடிப்போம்.”

“குடியை விட்டவனுக்கு பீர்லயா வாழ்த்து?” ட்ரோல்ஸ் சிரித்தான். “நீ போ. நான் கார் ஓட்டணும்.”

“வாராவாரம் இதே பல்லவி! அந்த முப்பத்தொண்ணு உன்னைவிட ஜாலியான ஆளா இருப்பான்.”

கீழே போய் பீரை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் நின்றாள். வாசலில் ட்ரோல்ஸ் தன் சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான். அவனிடம் கார் ஏது? மழையோ பனியோ, என்றைக்கும் இந்த சைக்கிள்தானே!

பீரை அப்படியே மேசையில் வைத்துவிட்டு, முப்பத்தொன்றாம் எண்ணின் கையைக் குலுக்க வாசலுக்கு ஓடினாள் போடில்.