மீதி ஒன்று

என் தங்கை குயிலிக்குக் கல்லூரி மாட்டிவிட்ட கைப்பட்டை, அவள் யாரிடமாவது உதவி கேட்டால் தன்மேல் தெரியும் எண்ணில் ஒன்றைக் குறைத்துவிடும். ஒரு பருவத்துக்கு நாற்பது. அது தீர்ந்தால், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்குக் கல்லூரி ஒதுக்கிய இடத்தை அவள் காலி செய்ய வேண்டும். சொந்தக் காலில் நிற்கக் கற்றுத்தருகிறார்களாம்.

யாரையும் கேட்கக் கூடாது என்று வீட்டில் அவளைப் பழக்கியது நான்தான். நான், எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி! ஃபீஸ் எங்கே கட்டுவது, ஹால் டிக்கெட் யார் தருவார்கள் என்று வாட்ச்மேன் வரைக்கும் கேட்டுக் கேட்டுத்தான் படித்து முடித்தேன். நான் கேட்டதை எவரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

இன்று குயிலிக்கு மீதி ஒன்று. தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. பஸ் நம்பர்களை வேறு இன்றைக்கென்று மாற்றித் தொலைத்திருந்தார்கள். ஆறரை ஆகியும் அவள் வரவில்லை என்று அம்மா போனில் அழுததும், ஆபீஸிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடினேன்.

கல்லூரி நிறுத்தத்தில், அத்தனை பேருக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் ஊர் பஸ் எதுவென்று எனக்கும் தெரியவில்லை. வந்து நின்ற பஸ்ஸைப் பார்த்துக் கத்தினேன்.

"அண்ணா, படப்பை போவுமா?"

"போவும், ஏறும்மா. அதுக்கு ஏன் இப்புடி சண்டைக்கு வர்ற?" என்றார் கண்டக்டர்.

குயிலி பட்டையைப் பார்த்தாள். ஒன்று அப்படியே இருந்தது. சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"அக்கா, நீ கேட்டுட்டியே. உன்ன ஆபீஸ்ல இருந்து அனுப்பிடுவாங்களா?"