நாற்பது கையெழுத்து

நூலகத்தின் ஓர அறையில் ஆறு கணினிகள் பிளாஸ்டிக் உறையோடு உட்கார்ந்திருக்கின்றன. ஜன்னல் வெயில் உறைமேல் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் அரசுப் பணத்தில் வந்தவை. இணைய இணைப்புக்கு மட்டும் இன்னும் நிதி வரவில்லை. சுவரிலிருந்து நீலக் கம்பி ஒன்று மொட்டையாகத் தொங்குகிறது. யாரும் வரவில்லை என்று எழுதினால் திட்டத்தையே மூடிவிடுவார்கள் என்று பயந்து, நாளிதழ் படிக்க வருகிறவர்களையெல்லாம் கணினிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவைத்தவர் நூலகர்தான். முதல் கையெழுத்து எப்போதும் தையல்காரம்மாவுடையது. இன்றும் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நிற்கிறாள்.

"என்ன சார், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? கம்பி இழுக்க ஆள் வர்றாங்களா?"

காலைத் தபாலில் துறையிலிருந்து வந்த கடிதத்தை அவர் நீட்டுகிறார். பிறகு கையை மடக்கிக்கொண்டு தானே சொல்கிறார். "பதிவேட்டைப் பாத்தாங்களாம். தினமும் நாப்பது பேர் பயன்படுத்துறாங்களாம். இங்க எல்லாருக்கும் இணையம் கிடைச்சிடுச்சாம். இனிமே நிதி வேண்டாமாம்."

மின்விசிறி கடகடக்கிறது. அவள் நாடாவின் நுனியை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள்.

"வெளிய காசு குடுத்துப் படிக்க முடியாமத்தானே சார் என் பொண்ணு இந்தக் கம்பிக்காகக் காத்துக்கிட்டிருக்கா?"

"நம்ம தலையில நாமளே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டோம்மா." உறைமேல் இல்லாத தூசியை அவர் துடைக்கிறார்.

அவள் பழக்கதோஷத்தில் மேசைக்கு வந்து, நூல் கட்டிய பேனாவை எடுத்து, இன்றைய தேதிக்கு நேரே கையெழுத்துப் போடுகிறாள். அவர் தடுக்கவில்லை. பக்கத்துக் கட்டத்தில், எப்போதும்போல, 'ஒரு மணி நேரம்' என்று எழுதுகிறார்.