மத்தியானத்துத் திருத்தம்

கல்யாணத் தகவல் மையத்தின் விவரங்களைப் புது சர்வருக்கு மாற்றுவதற்கு முன், யார் எதைத் திருத்தினாலும் பழையது, புதியது, திருத்தியவர் பெயர் மூன்றும் 'லாக்' என்ற திருத்தக் குறிப்பேட்டில் விழும்படி காலையில் அமைத்தவர் சாட்சாத் பூவராகன்தான். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரர். மூன்று வருடமாக ஒரு பெண் வீடும் எட்டிப் பார்க்காத தன் பதிவைத் திறந்து, 'விவாகரத்தானவர்' என்பதை 'மணமாகாதவர்' என்று மத்தியானம் மாற்றியவரும் அவரேதான்.

சாயங்காலம் லாக்கைச் சரிபார்த்த உதவியாளர் தில்லைக்கரசி ஒரு வரியில் நின்றாள்.

"லாக் நல்லாத்தான் வேலை செய்யுது சார்."

பூவராகனுக்குக் காதுமடல் சுட்டது. "அந்த வரிய எடுத்துரலாமாம்மா?"

"எடுத்தா, எடுத்தது யாருன்னும் எழுதிருமே சார்."

அவர் மறுபடி 'விவாகரத்தானவர்' என்று அடித்தார். லாக்கில் இன்னொரு வரி விழுந்தது. அவள் அதைப் பார்க்காதவள்போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.