பத்தாவது அர்த்தம்

"செட். இந்த இங்கிலீஷ் வார்த்தைக்குப் பத்து அர்த்தம் சொன்னா பொண்ணு உங்களுக்கு" என்றார் அப்பாசாமி. காப்பிகூட இன்னும் வரவில்லை.

காஜா பேராங் ஊரில் இந்தச் சோதனை பிரசித்தம். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர்; பார்வை போன பிறகும் இங்கிலீஷ் கர்வம் போகவில்லை. பெண் பார்க்க வந்த மூன்று பேர் இதே வார்த்தையில் தோற்று, பலகாரம் தின்ற கையோடு திரும்பிப் போயிருந்தார்கள்.

"கோகிலா, அகராதிய எடும்மா. நானூத்திப் பன்னண்டாம் பக்கம், வலது பத்தி. தம்பி சொல்றதெல்லாம் இருக்கான்னு பாத்துச் சொல்லு."

கோகிலா எடுத்தாள். வயது இருபத்தேழு. நாலாவதாக வந்திருக்கும் சேதுராமன், புக்கிட் ரம்பாய் பள்ளிக்கூடத்து வாத்தியார். கோயிலில் பார்த்த நாளிலிருந்தே அவனை அவளுக்குப் பிடித்திருந்தது.

"சூரியன் மறையறது. சிமெண்டு இறுகறது. ஒடிஞ்ச எலும்பு கூடறது..." சேதுராமன் விரல் விட்டு எண்ணினான். மோதிரத்தில் கல் பதிப்பது, கடிகாரத்தைத் திருத்தி வைப்பது, ரேடியோப் பெட்டி, காப்பிக் கோப்பைகளின் ஜதை, நாடக மேடை ஜோடனை, டென்னிஸில் ஒரு சுற்று என்று ஒன்பது வரைக்கும் தடங்கலில்லாமல் வந்துவிட்டான்.

"இதுக்குப் பூர்வீகமே ரெண்டுங்கய்யா. ஒண்ணு பழைய இங்கிலீஷ், இன்னொண்ணு லத்தீன். ரெண்டு எடத்துலேருந்து வந்து ஒரே பேர்ல நிக்குது. மெர்டேக்கான்னு சுதந்திரம் வந்தா, வேற வேற நாட்டுலேருந்து வந்த நாமளும் அப்படித்தான்."

அப்பாசாமி சிரித்தார். "பத்தாவது?"

"வேற எடத்துல நடறதுக்குன்னு எடுத்து வச்சிருக்கிற கன்னு."

கோகிலா பக்கத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அப்படி எதுவும் போடலைப்பா" என்றாள்.

சேதுராமன் வாதாடவில்லை. அவளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பான். மெர்டேக்காவுக்காகத் தெருவில் கட்டியிருந்த தோரணங்களுக்குக் கீழே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.

கதவைச் சாத்திவிட்டு வந்து கோகிலா அகராதியை மூடப் போனாள். பத்தாவது அர்த்தம் அங்கேதான் இருந்தது, அவள் விரலுக்கு அடியிலேயே. முன்னால் வந்த மூவர் சொன்னவையும் இருந்தன.

அம்மா இல்லாத வீட்டில் அப்பாவுக்குச் சோறு பிசைந்து வைக்க, கண்ணில் மருந்து விட, கிணற்றடிக்குக் கைபிடித்துக் கூட்டிப்போக வேறு யார் இருக்கிறார்கள்? சத்தம் வராமல் அழ அவள் பழகியிருந்தாள். இந்த முறை மட்டும் முடியவில்லை.

அப்பாசாமி கையை நீட்டித் துழாவி அவள் தலையைத் தொட்டார். 

"அந்தப் பக்கம் பூரா எனக்கு மனப்பாடம்மா. நாலு பேரும் சரியாத்தான் சொன்னாங்க."

கோகிலா நிமிர்ந்து பார்த்தாள். பார்வையில்லாத கண்கள் நிறைந்து வழிந்துகொண்டிருந்தன.

"நீ இல்லைன்னு சொல்றப்பல்லாம், எனக்கு நிம்மதியா இருந்துச்சும்மா."