அளவான மருந்து

“உயிர் இருக்கா?” என்று பதறினார் மேனேஜர்.

மேஸ்திரி மண்டியிட்டு, நகத்தால் கீறிப் பார்த்தார். “அடிக்குருத்து பச்சையாத்தான் இருக்கு சார். பிழைச்சுக்கும். ஆனா இப்போதைக்கு வளராது.”

மைதானம் முழுக்கப் புல் செம்பு நிறத்தில் சுருண்டு கிடந்தது. ஆட்டக்காரர்கள் மிதித்த இடமெல்லாம் மண் தெரிந்தது. இறுதிப் போட்டியை வேறு மைதானத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

“யார் பார்த்த வேலை இது?”

மேஸ்திரி மெல்ல எழுந்தார். அதற்குள் அவருடைய தங்கை புருஷன் முன்னால் வந்தான். புல் வெட்டும் வண்டி ஓட்டுபவன் அவன்தான். “நான்தான் சார். பிளேடைத் தாழ்த்தி வச்சு ஒட்ட வெட்டிட்டேன்.”

அந்த இடத்திலேயே அவனுக்கு வேலை போனது. முதுகைப் பிடித்தபடி அவன் கேட்டைத் தாண்டும்வரை, மேஸ்திரி தலை நிமிரவேயில்லை.

கெடுத்தது பிளேடு அல்ல, மருந்து. அதை அடித்தால் புல் மேலே ஓங்காது; பக்கத்தில் கிளைத்து, கரும்பச்சையாக அடர்ந்து நிற்கும். வெட்டுகிற வேலை பாதியாகிவிடும். அளவு மிஞ்சினால் மட்டும் கருகும்.

முதுகுவலியோடு நாள் முழுக்க வண்டியில் குலுங்குகிற மாப்பிள்ளையைப் பார்க்கச் சகிக்காமல், மேனேஜரிடம் கேட்காமலேயே அவர் அடித்திருந்தார். குவளையில் அளந்துதான் ஊற்றினார். புது டப்பாவின் மூடி கை வைத்ததுமே கழன்றுகொண்டதை அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

‘என்னைக் காட்டிக் கொடுக்காம பழியை ஏத்துக்கிட்டானே!’ ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டுத் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார்.

மாப்பிள்ளை கட்டிலில் குப்புறப் படுத்திருந்தான். மைதானத்து ஸ்டோரில் வேலை பார்க்கும் தங்கை, அவன் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“மாப்ளே, எனக்காக நீ ஏன்ப்பா பழியைச் சுமக்கணும்? மேனேஜர்கிட்ட நானே உண்மையைச் சொல்லிடறேன்.”

மாப்பிள்ளை தலையைத் தூக்கினான். “உங்களுக்காகவா? நீங்க என்ன மச்சான் பண்ணீங்க?”

“மருந்து அடிச்சது நான்தானே! உன் முதுகுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும்னு நெனச்சேன். அளவாத்தான் அடிச்சேன். எப்படிக் கருகுச்சுன்னே புரியல.”

மாப்பிள்ளை மனைவியைத் திரும்பிப் பார்த்தான். தைலம் தேய்த்த கை அப்படியே நின்றது.

“ஐயோ அண்ணா... நீயுமா அடிச்சே?”